டயோடு எத்தனை ஓம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் பழுது பார்க்கிறேன். சாயங்காலம் பாலிடெக்னிக் பிள்ளைகள் நாலைந்து பேர் பட்டறைக்கு வந்து உட்காருவார்கள். அவர்களும், போர்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு வரும் விவசாயிகளும், நாகப்பட்டினம் பக்கத்துப் படகுக்காரர்களும், கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. பாதிக்கும் மேலானவை சுற்றி வளைத்து ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அதை முதலில் வைத்துவிடுகிறேன்.

டயோடின் மின்தடை எத்தனை ஓம்?

எத்தனை ஆம்பியர் ஓடும்போது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பதில் சொல்ல வழியில்லை.

470 ஓம் ரெசிஸ்டரில் 1 மில்லிஆம்பியர் ஓடினாலும் 10 மில்லிஆம்பியர் ஓடினாலும் அது 470 ஓம்தான். வோல்டேஜைக் கரண்ட்டால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வரும். 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி அதைத்தான் சொல்கிறது. டயோடு அந்த விதிக்குள் அடங்காது. எல்லாக் கடையிலும் கிடைக்கிற 1என்4007 (1N4007) டயோடை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிஆம்பியர் ஓடும்போது அதன் மேல் சுமார் 0.56 வோல்ட் நிற்கும். வகுத்தால் 560 ஓம். 10 மில்லிஆம்பியருக்கு 0.67 வோல்ட், 67 ஓம். 100 மில்லிஆம்பியருக்கு 0.77 வோல்ட், எட்டு ஓமுக்குச் சற்றுக் குறைவு. 1 ஆம்பியருக்கு 0.9 வோல்ட்டை ஒட்டி வரும். ஒரு ஓம்கூட இல்லை. கரண்ட் ஆயிரம் மடங்கு ஏறியபோது வோல்டேஜ் இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 1என்4007, அப்புறம் 100 கிலோஓம், 10 கிலோஓம், 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. ரெசிஸ்டரையும் டயோடையும் வரிசையாக இணைத்து, டயோடின் இரண்டு காலுக்கும் நடுவே டி.சி. வோல்டேஜை அளந்து எழுதுங்கள். ரெசிஸ்டரை மாற்ற மாற்ற 0.45, 0.55, 0.65 வோல்ட்டை ஒட்டி வரும். மீதி வோல்டேஜ் ரெசிஸ்டரில் விழுகிறது, அதிலிருந்து கரண்ட்டைக் கணக்கிடலாம்: 0.085, 0.85, 8.4 மில்லிஆம்பியர். வகுத்தால் ஒரே டயோடு ஐயாயிரத்துச் சொச்சம் ஓம், 650 ஓம், 78 ஓம் என்று மூன்று பதில் சொல்லும். உங்கள் டயோடுக்கு எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் கரண்ட் பத்து மடங்காகும்போது வோல்டேஜ் பத்தில் ஒரு வோல்ட் அளவே ஏறுவது மாறாது. இந்த ஒன்று கைக்கு வந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

பரீட்சையில் 'ஏ.சி. மின்தடை' என்று தனியாகக் கேட்கிறார்களே?

மேலே வகுத்துப் பார்த்தது டி.சி. மின்தடை. ஏற்கெனவே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் டயோடில் வோல்டேஜை ஒரு துளி ஏற்றினால் கரண்ட் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அந்த இரண்டு ஏற்றங்களை வகுத்தால் வருவது ஏ.சி. மின்தடை. டைனமிக் ரெசிஸ்டன்ஸ் என்பதும் அதுதான். வரைபடத்தில் அந்தப் புள்ளியில் கோடு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

புத்தகச் சூத்திரப்படி 26 மில்லிவோல்ட்டை ஓடும் கரண்ட்டால் வகுக்க வேண்டும். 1 மில்லிஆம்பியருக்கு 26 ஓம். அசல் டயோடுகளில் இது இரண்டு மடங்கு வரை போகும். நம் சோதனையில் பத்து மடங்குக்கு 0.1 வோல்ட் வந்தது, அதை 2.3-ஆல் (பத்தின் இயல் மடக்கை) வகுத்தால் 43 மில்லிவோல்ட், அதாவது 1 மில்லிஆம்பியரில் 43 ஓம். அதே இடத்தில் டி.சி. மின்தடை 560 ஓம். இரண்டும் சரியான விடைதான், கேட்ட கேள்வி வேறு. விடைத்தாளில் எந்தக் கரண்ட்டில் என்பதையும் எழுதிவிடுங்கள், தம்பி.

டயோடு என்பது நம் மோட்டாரின் ஃபுட்வால்வு மாதிரிதானே?

பெரும்பாலும் ஆமாம். ஆற்றிலோ குளத்திலோ தண்ணீர் எடுக்கும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அதன் மூடியைத் தூக்கக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். டயோடுக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம் வோல்டேஜ் வேண்டும். எந்த வால்வும் நூறு சதவீதம் இறுக்கமாக மூடாது. டயோடிலும் பின்பக்கக் கசிவு உண்டு. பின்னழுத்தம் அளவு மீறினால் வால்வு பிய்யும், டயோடும் அப்படியே.

ஓர் இடத்தில் மட்டும் இந்த உவமை நம்மை ஏமாற்றும். வால்வு திறந்தபின் வெறும் குழாயாகிவிடுகிறது. டயோடு அப்படி ஒரேயடியாகத் திறப்பதில்லை. 0.7 வோல்ட்டில் கதவு திறக்கிறது என்று வகுப்பில் சொல்வது கணக்குப் போட வசதியாக வைத்துக்கொண்ட எண். 0.4 வோல்ட்டிலும் கொஞ்சம் ஓடுகிறது, 0.3-லும் அதைவிடக் குறைவாக ஓடுகிறது. நாம் ஆம்பியரில் பார்ப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, வோல்டேஜ் துளி ஏறினால் கரண்ட் ஏன் பத்து மடங்காகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வடுவூர் ஏரிக்கரையில் காற்றடிக்கும் நாளில் நின்று பார்த்தால் இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். தூய சிலிக்கானில் அறைச் சூட்டில் சுமார் ஐந்து லட்சம் கோடி அணுவுக்கு ஒரு எலக்ட்ரான்தான் சுதந்திரமாகத் திரிகிறது. அதில் ஒரு பக்கம் பாஸ்பரஸைக் கலந்தால் உபரி எலக்ட்ரான்கள் கிடைக்கும். அது 'என்' (N) வகை. இன்னொரு பக்கம் போரானைக் கலந்தால் எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடங்கள் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தைத் துளை என்கிறோம், அது 'பி' (P) வகை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எலக்ட்ரான்களும் துளைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து தீர்ந்துபோய், நடமாட்டமே இல்லாத ஒரு மெல்லிய பகுதி உண்டாகிறது. அந்தப் பகுதிதான் கரை. இந்தப் பக்கத்து எலக்ட்ரான் அந்தப் பக்கம் போக அதன் மேல் ஏற வேண்டும்.

இப்போது ஏரிக்கு வாருங்கள். காற்றில் அலைகள் எழுகின்றன. சின்ன அலைகள் ஏராளம், பெரிய அலைகள் சில, கரையைத் தாண்டி வழியும் அலை எப்போதாவது ஒன்று. கரையை ஒரு சாண் வெட்டிக் குறைத்தால், இதுவரை எட்டாமல் போன எத்தனையோ அலைகள் இப்போது தாண்டும். சிலிக்கானுக்குள் காற்றின் வேலையைச் சூடு செய்கிறது. எலக்ட்ரான்களில் அதிக ஆற்றல் உள்ளவை வெகு சில. ஆற்றல் கூடக் கூட எண்ணிக்கை மடங்கு மடங்காகக் குறைகிறது. முன்பக்கமாகக் கொடுக்கும் வோல்டேஜ் கரையின் உயரத்தைக் குறைக்கிறது. 27 டிகிரியில் கரை 60 மில்லிவோல்ட் தாழ்ந்தால் தாண்டும் எலக்ட்ரான்கள் பத்து மடங்காகும். அசல் டயோடுகளில் வேறு சில இழப்புகளும் சேர்வதால் 60 என்பது 120 வரை போகலாம். வில்லியம் ஷாக்லி 1949-இல் எழுதிய சமன்பாட்டின் உயிர் இதுதான்.

கரண்ட் ஆம்பியர் கணக்கில் ஏறியபின் சிலிக்கானின் உடம்பும் கால்களும் சாதாரண ரெசிஸ்டர்போலத் தங்கள் பங்கைச் சேர்க்கும். அப்போது வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் வேகமாக ஏறும்.

பின்பக்கம் மின்தடை எவ்வளவு?

25 டிகிரியில் 1000 வோல்ட் பின்பக்கமாகக் கொடுத்தால் 1என்4007-இல் அதிகபட்சம் 5 மைக்ரோஆம்பியர் கசியலாம் என்கிறது தகவல்தாள். வகுத்தால் 200 மெகாஓம். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு. பின்பக்கம் ஓடுபவை பி பக்கத்தில் தப்பித் தவறி உண்டாகும் எலக்ட்ரான்களும் 'என்' பக்கத்தில் உண்டாகும் துளைகளும். அவற்றுக்குக் கரை ஒரு சரிவுதான். வந்தால் உருண்டு போய்விடும். எத்தனை உண்டாகின்றன என்பதை முடிவு செய்வது சூடு. அதனால் வோல்டேஜை இரட்டித்தாலும் கசிவு இரட்டிப்பதில்லை. மேட்டூரில் திறந்துவிடாத தண்ணீரை, கடைமடையில் வாய்க்காலை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் கொண்டுவர முடியாது அல்லவா? அது போலத்தான்.

ஓர் எல்லையைத் தாண்டினால் கதை மாறும். உள்ளே வேகமெடுத்த எலக்ட்ரான்கள் மோதி மோதி மேலும் எலக்ட்ரான்களைப் பிடுங்க, கரண்ட் வெள்ளமாகும். ஜீனர் டயோடில் இது போன்ற முறிவை வேண்டுமென்றே 5.1, 12 என்று ஒரு வோல்ட்டில் நிற்குமாறு செய்து வைத்திருக்கிறார்கள். கரண்ட்டைக் கட்டுப்படுத்த வரிசையில் ரெசிஸ்டர் இருக்கும் வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

கரையில் 0.7 வோல்ட் இருக்கிறது என்றால் வெறும் டயோடில் மீட்டரை வைத்தால் ஏன் காட்டவில்லை?

மீட்டர் முனை சிலிக்கானைத் தொடும் இடங்களிலும் இதே போன்ற அழுத்தங்கள் உண்டாகி, சுற்று முழுவதையும் கூட்டினால் சுழியாகிவிடும். வெளிச்சம் பட்டால்தான் உண்மையாகவே வோல்டேஜ் வரும். அதுதான் சோலார் செல்.

சூடானால் செம்புக் கம்பியின் மின்தடை கூடுகிறது, டயோடு ஏன் நேர்மாறாக இருக்கிறது?

செம்பில் எலக்ட்ரான்களுக்குப் பஞ்சமில்லை. சூடானால் அணுக்கள் அதிகம் ஆடி வழியை மறிக்கும், டிகிரிக்கு 0.39 சதவீதம் மின்தடை கூடும். டயோடில் பி, 'என்' பக்கங்கள் சந்திக்கும் இடத்தில் அலையின் உயரமே சூட்டைப் பொறுத்தது. ஒரே கரண்ட் ஓடும்போது டயோடின் மேல் நிற்கும் வோல்டேஜ் டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். பின்பக்கக் கசிவு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் போர்டு 25 டிகிரியிலிருந்து 65-க்குப் போனால் கசிவு பதினாறு மடங்கு. காலையில் ஒழுங்காக ஓடி மத்தியானம் மட்டும் மக்கர் செய்யும் போர்டு வந்தால் நான் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

சோலார் பேனல் நல்ல வெயிலில் வோல்டேஜ் குறைவாகக் காட்டுவதும் இதனால்தான். பேனல் கெட்டுவிட்டதென்று மாற்றிவிடாதீர்கள்.

இரண்டு 1 ஆம்பியர் டயோடைப் பக்கவாட்டில் சேர்த்தால் 2 ஆம்பியர் தாங்குமா?

தாங்காது. இரண்டில் ஒன்றுக்கு 30 மில்லிவோல்ட் குறைவாகப் போதும் என்றால் அது மற்றதைப்போல இரண்டு மடங்கு கரண்ட் வாங்கும். வாங்கியதால் சூடாகும், சூடானால் அதன் வோல்டேஜ் இன்னும் இறங்கும், இன்னும் அதிகம் வாங்கும். அது போனபின் முழுச் சுமையும் அடுத்ததன் தலையில். 1என்5408 வாங்குங்கள், 3 ஆம்பியர் தாங்கும்.

எல்.இ.டி.க்கு ஏன் ரெசிஸ்டர்? சரியான வோல்டேஜ் கொடுத்தால் போதாதா?

எல்.இ.டி.யும் டயோடுதான். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே கரண்ட் மடங்காகிவிடும். பைக் பேட்டரி 12 வோல்ட், வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் போக மீதி 9. அதில் 20 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால் 450 ஓம். கடையில் 470 கிடைக்கும். வண்டி ஓடி பேட்டரி 14.4 வோல்ட்டுக்கு ஏறினாலும் 24 மில்லிஆம்பியர்தான் போகும். அரை வாட் ரெசிஸ்டராகப் போடுங்கள்.

மல்டிமீட்டரில் ரேஞ்சை மாற்றினால் ஒரே டயோடு வேறு வேறு ஓம் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டர் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு ரேஞ்சிலும் அது செலுத்தும் கரண்ட் வேறு; முதல் கேள்வியின் பதில்தான் இங்கே முள்ளாக ஆடுகிறது. பழைய முள் மீட்டரில் ×1 வைத்தால் பத்து ஓமை ஒட்டிக் காட்டும். அதே டயோடு ×1 கிலோஓமில் நாலைந்தாயிரம் காட்டும். முள் மீட்டரில் இன்னொரு விஷயம்: ஓம் அளக்கும்போது பெரும்பாலும் கறுப்பு முனையில்தான் உள் பேட்டரியின் பாசிட்டிவ் இருக்கும். இது தெரியாமல் நல்ல டயோடைத் தலைகீழ் என்று நினைத்துக் கழற்றியவர்கள் உண்டு.

டிஜிட்டல் மீட்டரில் டயோடு குறியிட்ட இடத்தில் வையுங்கள். அது 1 மில்லிஆம்பியரை ஒட்டிய கரண்ட் செலுத்தி வோல்டேஜைக் காட்டும். சிலிக்கானுக்கு 0.5 முதல் 0.7 வரை, ஷாட்கிக்கு (உலோகமும் சிலிக்கானும் சேர்ந்த, இழப்பு குறைவான டயோடு) 0.15 முதல் 0.3 வரை, திருப்பி வைத்தால் எல்லைக்கு வெளியே. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். போர்டில் இருக்கும்போதே அளந்தால் டிரான்ஸ்பார்மர் சுற்று, மற்ற டயோடுகள் வழியாகவும் கரண்ட் போகும். ஒரு காலைக் கழற்றிவிட்டு அளந்தால்தான் நம்பலாம். வெள்ளிக்கோடு போட்ட பக்கம் கேதோடு, நெகட்டிவ் முனை அங்கே.

முதன்முதலில் இதைக் கவனித்தது யார்?

ஜெர்மனியின் பெர்டினாண்ட் பிரவுன், 1874-இல். கலீனா போன்ற உலோக சல்பைடு படிகங்களில் கரண்ட் ஓடும் திசையைப் பொறுத்தும் அளவைப் பொறுத்தும் மின்தடை மாறுவதாக எழுதினார். ஓம் விதி தவறும் அந்த இடத்தில்தான் அவர் கையில் டயோடு கிடைத்தது. அதே கலீனாவை வைத்து ரேடியோ அலை உணர்கருவி செய்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ்.

பேனலில் தென்னை மட்டை நிழல் ஒரு ஓரத்தில் விழுகிறது. அதற்கு ஏன் இவ்வளவு நஷ்டம்?

நம் பகுதியில் தோப்புக்கு நடுவே பேனல் போடாமல் இருப்பது கஷ்டம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேனலில் செல்கள் மணிமாலைபோல வரிசையில் இருக்கின்றன. ஒரே கரண்ட் எல்லாவற்றிலும் ஓடியாக வேண்டும். நிழல் விழுந்த செல் அந்தக் கரண்ட்டை உண்டாக்க முடியாமல், மற்ற செல்கள் தள்ளும் வோல்டேஜைப் பின்பக்கமாக வாங்கிக்கொண்டு வெறும் சூட்டடுப்பாக மாறும். அப்படியே விட்டால் அந்த இடம் கருகும். அதைத் தடுக்க 60 செல் பேனலின் பின்பக்கப் பெட்டியில் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கும், 20 செல்லுக்கு ஒன்று. நிழல் விழுந்த பகுதியைக் கரண்ட் சுற்றிக்கொண்டு போய்விடும். செல் பிழைக்கும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் போய்விடும். ஒரு மட்டை நிழலுக்கு விலை அது.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பிறகு நிழலே இல்லாமலும் பேனல் வோல்டேஜ் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 37 காட்ட வேண்டியது 25 காட்டினால், ஒரு பைபாஸ் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். பேனலை மூடி இணைப்பைக் கழற்றிவிட்டு அந்த மூன்றையும் அளந்து பாருங்கள். டயோடு விலையில் முடிய வேண்டிய வேலைக்குப் பேனல் விலை கொடுத்தவர்களைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட்டால் போர்டைக் காப்பாற்ற வழி உண்டா?

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டிராக்டர் பேட்டரி, பைக் பேட்டரி என்று கிடைத்ததையெல்லாம் வைத்து விளக்கெரித்தார்கள். இருட்டில் சிவப்பும் கறுப்பும் மாறிப்போய்க் கருகிய போர்டுகள் என் மேஜையில் குவிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு டயோடு இருந்திருந்தால் போதும்.

பாசிட்டிவ் வழியில் வரிசையாக ஒரு டயோடு போட்டால் தலைகீழ் கரண்ட் நுழையாது. ஆனால் எப்போதும் 0.9 வோல்ட்டை ஒட்டி அதில் தங்கும். 2 ஆம்பியர் ஓடினால் 2 வாட்டுக்குக் கிட்ட சூடாக வீணாகும். இன்னொரு வழி, முதலில் ஃபியூஸ், அதன் பின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே 1என்5408, கோடு பாசிட்டிவ் பக்கம். சரியாக மாட்டினால் அது சும்மா இருக்கும். தலைகீழாக மாட்டினால் ஃபியூஸை ஊதிவிடும். அந்த நொடியில் 200 ஆம்பியர் வரை அது தாங்கும். நான் இரண்டாவதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

படகில் சின்னப் பேனலிலிருந்து பேட்டரிக்கு ஷாட்கி டயோடு போட்டிருக்கிறேன். இரவில் பேட்டரி இறங்குகிறதே?

இரவில் பேட்டரி பேனல் வழியாகத் திரும்ப ஓடாமல் தடுக்கத்தான் அந்த டயோடு. ஷாட்கியில் முன்பக்க இழப்பு குறைவு, கசிவு அதிகம். 1என்5819-க்கு 40 வோல்ட்டில் 25 டிகிரிக்கு அதிகபட்சம் 1 மில்லிஆம்பியர், 100 டிகிரிக்கு 10. ஆனால் 12 வோல்ட்டில், இரவுக் குளிர்ச்சியில் அது பேட்டரியை இறக்கும் அளவுக்கு வராது. நல்ல டயோடாக இருந்தால் வேறு இடத்தில் பாருங்கள்.

கோடியக்கரை, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் போர்டுகளில் நான் அதிகம் பார்ப்பது உப்பு. டயோடின் இரண்டு காலுக்கும் நடுவே வெள்ளைப் படலமாகப் படிந்து, ஈரக்காற்றை உறிஞ்சி, பக்கத்திலேயே இன்னொரு வழியைத் திறந்துவிடுகிறது. டயோடைக் கழற்றித் தனியாக அளந்தால் குறையே இருக்காது. அதன் கால் இருந்த இரண்டு புள்ளிகளையும் வெறும் போர்டில் ஓம் ரேஞ்சில் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். மீட்டர் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண் காட்டினால் கசிவு போர்டின் மேல்தான். பழைய பல் பிரஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிட்டுப் பழைய டயோடையே திரும்ப மாட்டுங்கள்.